நோவாரா கப்பலும் கிழட்டு மார்ஷலும்

1858 ஜனவரி 31-ம் தேதி மெட்ராஸுக்கு எதிரே, திறந்த கடலில், ஓர் ஆஸ்திரியப் போர்க்கப்பல் வந்து நங்கூரம் போட்டது. பெயர் நோவாரா. சுமார் 350 பேர், அதில் ஏழெட்டு பேர் விஞ்ஞானிகள், ஓவியர். உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பிய கப்பல். பிப்ரவரி 10 வரை இங்கே நின்றது.

அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வரணும்னா மசூலா படகுதான். ஆணி ஒன்றுகூட இல்லாமல், பலகைகளைக் கயிறு போட்டுத் தைத்த படகு. அலை அடித்தால் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. ஐரோப்பாவில் கட்டிய படகுகள் இந்த அலையில் நொறுங்கிவிடும் என்பதால், வைஸ்ராயாக இருந்தாலும் வியாபாரியாக இருந்தாலும் நம்ம கடற்கரைப் படகுக்காரர்களை நம்பித்தான் இறங்கணும். ராயபுரம் ரயில் நிலையம் திறந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது (1856 ஜூலை 1). கொடுங்கையூர் அன்றைக்கு வயலும் ஏரியும்.

வடசென்னைக் கடற்கரைக்கு வந்து போன கப்பல்களைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது இந்தப் பெயரில் நின்றுவிட்டேன். நோவாரா என்பது ஆஸ்திரிய ஊர் இல்லையே, இத்தாலியில் இருக்கும் ஓர் ஊர் ஆச்சே? ஆஸ்திரியாக்காரன் தன் கப்பலுக்கு ஏன் இத்தாலிய ஊர்ப் பெயரை வைத்தான்? அதைத் தேடிப் போனதில் கிடைத்தவர்தான் ராடெட்ஸ்கி.

முதலில் கப்பலின் பெயர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1843-ல் வெனிஸ் கப்பல் பட்டறையில் வேலை ஆரம்பித்தபோது அதன் பெயர் மினர்வா. வெனிஸ் அப்போது ஆஸ்திரியாவிடம் இருந்தது. 1848-ல் வெனிஸ்காரர்கள் கலகம் செய்து ஊரைக் கைப்பற்றினார்கள். பாதி கட்டியபடி கிடந்த கப்பலுக்கு இத்தாலியா என்று பெயர் மாற்றினார்கள். 1849 ஆகஸ்டில், முற்றுகையும் பசியும் காலராவும் சேர்ந்து வெனிஸை வீழ்த்தின. திரும்பி வந்த ஆஸ்திரியர்கள் மூன்றாவது பெயர் வைத்தார்கள்: நோவாரா. அந்த வருஷம் மார்ச் 23-ம் தேதி அந்த ஊரில்தான் ராடெட்ஸ்கி பியட்மாண்ட் ராஜாவின் படையை அடித்து நொறுக்கியிருந்தார். தோற்றவனின் பட்டறையில், தோற்றவன் கட்டிய கப்பலுக்கு, அவன் தோற்ற போர்க்களத்தின் பெயர். இதைவிட அழுத்தமாக ஒரு ஊரை அவமானப்படுத்த முடியுமா தெரியவில்லை.

இனி ஆள்.

முழுப் பெயர் யோகான் யோசப் வென்சல் ராடெட்ஸ்கி. 1766 நவம்பர் 2-ம் தேதி பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு) ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பிரபு என்றாலும் பெரிய பணம் கிடையாது. ராணுவப் பள்ளியில் சேரப் போனபோது உடம்பு பலவீனம் என்று திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பலவீனமான உடம்பு 1784-ல் குதிரைப்படையில் சேர்ந்து, 1857 வரை சீருடையைக் கழற்றவில்லை. எழுபத்திரண்டு வருஷத்துக்கு மேல் சேவை. ஐந்து சக்கரவர்த்திகள். திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆண்டுகொண்டிருந்தபோது சிப்பாயானவர், மெட்ராஸில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஓய்வு பெற்றார் என்று வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் நீளம் நமக்குப் புரியும்.

நம்ம ஊரில் பீல்டு மார்ஷல் என்றால் வெலிங்டனில் கடைசிக் காலத்தைக் கழித்து 2008-ல் மறைந்த மானெக்‌ஷாதான் ஞாபகம் வருவார். அவர் வேற மாதிரி. அவருடைய போர் 13 நாளில் முடிந்தது, ஒரு நாடு பிறந்தது. ராடெட்ஸ்கியின் வேலை ஒரு நாடு பிறக்காமல் பார்த்துக்கொள்வது.

அவருடைய முதல் அறுபது வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். துருக்கியோடு போர், பிறகு பிரெஞ்சுப் புரட்சிப் படைகளோடு, பிறகு நெப்போலியனோடு. மாரெங்கோவில் உடம்பில் பல குண்டுகள் பட்டன. வாக்ராமில் நல்ல பெயர். 1813-ல் நெப்போலியனை எதிர்த்து ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா எல்லாம் ஒன்றுசேர்ந்தபோது தலைமைத் தளபதி ஷ்வார்சென்பெர்க். அவருக்குப் பின்னால் வரைபடத்தை விரித்து வைத்து யோசித்தவர் ராடெட்ஸ்கி. நெப்போலியன் நேரில் வந்தால் பின்வாங்கு, அவனுடைய தளபதிகள் தனியாக மாட்டினால் அடி என்ற திட்டத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அக்டோபரில் லைப்சிக்கில் நான்கு நாள் சண்டை. நெப்போலியன் ஜெர்மனியை விட்டு ஓடினார். இதோடு ராடெட்ஸ்கி செத்திருந்தால் ராணுவ வரலாற்றுப் புத்தகங்களில் ஓர் அடிக்குறிப்பாக நின்றிருப்பார்.

சாகவில்லை. கடன்தான் ஏறியது. சம்பளத்தைக் கடன்காரர்கள் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு. படையைச் சீர்திருத்தணும் என்று அவர் எழுதிய மனுக்கள் வியன்னாவில் தூசி படிந்து கிடந்தன. எதிரிகள் அதிகம். 1829-ல் ஓல்முட்ஸ் என்ற கோட்டைக்குத் தலைவராக அனுப்பினார்கள். வயசான தளபதிகளை ஓரம்கட்டும் இடம். அறுபத்து மூன்று வயசு. யாருக்கும் அதோடு முடிந்தது என்றுதான் தோன்றியிருக்கும்.

1831-ல் இத்தாலிக்கு ஆள் தேவைப்பட்டது. லொம்பார்தியும் வெனிஸும் ஆஸ்திரியாவின் கையில் இருந்தன. அங்கே கலகப் புகை கிளம்பிக்கொண்டே இருந்தது. கிழவரைக் கூப்பிட்டார்கள். அங்கே அவர் செய்த காரியம் சுவாரசியமானது: சமாதான காலத்திலேயே, நிஜப் போர் போல, பெரும்படைகளை இரண்டாகப் பிரித்து மோதவிட்டுப் பயிற்சி கொடுத்தார். மற்ற நாட்டு அதிகாரிகள் எல்லாம் பார்க்க வந்தார்கள். சிப்பாய்களோடு அவர்கள் மொழியிலேயே பேசுவார். அந்தப் படையில் செக், ஹங்கேரியர், குரோட், ஜெர்மன், இத்தாலியர் எல்லாம் உண்டு. சாப்பாடு வந்ததா, காலணி கிழிந்ததா என்று விசாரிக்கும் தளபதி. அப்பா ராடெட்ஸ்கி என்று கூப்பிட்டார்கள். 1836-ல் பீல்டு மார்ஷல் பட்டம்.

வீட்டு விஷயம் ஒன்று. மனைவி ஒரு பிரபுப் பெண், எட்டுப் பிள்ளைகள், பெரும்பாலோர் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். மிலானில் அவரோடு வாழ்ந்தவர் ஜூடித்தா மெரெகாலி என்ற சாதாரணக் குடும்பத்து மிலான் பெண். அவருக்கும் பிள்ளைகள். மிலானை அடக்கியவர் வீட்டில் மிலான் பெண். வியன்னாவின் பெயர் பெற்ற இறைச்சிப் பொரியல் இவர் மிலானில் சாப்பிட்டுப் பார்த்துச் சக்கரவர்த்திக்கு எழுதி அனுப்பியதால் வந்தது என்று ஒரு கதை ஊரெல்லாம் சுத்துது. அது கட்டுக்கதை, விட்டுவிடலாம்.

1848-க்கு வருவோம். அந்த வருஷம் மிலானில் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? சுருட்டில். புகையிலை ஆஸ்திரிய அரசின் ஏகபோகம். வரியை அடிக்கணும்னா புகைப்பதை நிறுத்து என்று மிலான்காரர்கள் ஜனவரி 1-லிருந்து முடிவு கட்டினார்கள். தெருவில் யாராவது பற்றவைத்தால் வாயிலிருந்து பிடுங்கிப் போட்டார்கள். பதிலுக்கு சிப்பாய்கள் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு கும்பல் கும்பலாகத் தெருவில் நடந்தார்கள். ஜனவரி 3-ம் தேதி கைகலப்பு, வாள்வீச்சு, சாவு. அந்நியத் துணிக் கொளுத்தலையும் உப்பையும் படித்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஒரு சாதாரணப் பொருள், அதன்மேல் அரசாங்கத்தின் பை. அதை வேண்டாம் என்று சொன்னால் அரசாங்கத்துக்கு எரியும்.

மார்ச் 13-ல் வியன்னாவிலேயே புரட்சி வெடித்து, மெட்டர்னிக் தப்பி ஓடினார். செய்தி வந்ததும் மிலான் எழுந்தது. மார்ச் 18 முதல் 22 வரை ஐந்து நாள். மேஜை, கட்டில், கோச்சு வண்டி, எல்லாவற்றையும் தெருவில் குவித்துத் தடுப்பு. கூரையிலிருந்து ஓடு. ராடெட்ஸ்கியிடம் பதிமூவாயிரம் பேருக்கு மேல் இருந்தும் ஊரைப் பிடித்து வைக்க முடியவில்லை. எண்பத்தொரு வயசில், ராத்திரியில், ஊரை விட்டுப் பின்வாங்கினார்.

இங்கேதான் அவர் மற்ற தளபதிகளிலிருந்து வேறுபடுகிறார். பின்வாங்கியது ஓட்டம் இல்லை. வெரோனா, மாந்துவா, பெஸ்கியேரா, லெனாகோ என்ற நான்கு கோட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். இத்தாலியப் பட்டாளங்கள் பல அவரை விட்டுப் போய்விட்டன. பியட்மாண்ட் ராஜா கார்லோ அல்பெர்ட்டோ மிலானுக்கு ஆதரவாகப் போரில் இறங்கினார். வியன்னா அரசாங்கமே லொம்பார்தியை விட்டுக்கொடுத்துச் சமாதானம் பேசலாம் என்ற மனநிலையில் இருந்தது. கிழவர் கேட்கவில்லை. போகட்டும் என்று தலைநகரம் கைகழுவத் தயாராக இருந்த நாட்டை, ஒரு தளபதி தன் முடிவில் பிடித்து வைத்தார். இதை விசுவாசம் என்று சொல்வதா, கீழ்ப்படியாமை என்று சொல்வதா? ஜெயித்ததால் விசுவாசம் ஆகிவிட்டது.

கூடுதல் படை வரும்வரை காத்திருந்து, ஜூலை 24, 25-ல் குஸ்தோசாவில் அடித்தார். ஆகஸ்ட் 6-ல் மிலானுக்குள் திரும்பி நுழைந்தார். ஆகஸ்ட் 31-ல் வியன்னாவில் மூத்த யோகான் ஸ்ட்ராஸ் ஒரு புது அணிவகுப்பு இசையை வாசித்தார்: ராடெட்ஸ்கி மார்ச். வேடிக்கை என்னவென்றால், அதே சமயம் அவருடைய மகன், பின்னாளில் நீல டான்யூப் எழுதப்போகும் சின்ன ஸ்ட்ராஸ், புரட்சிக்காரர்கள் பக்கம் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி. எந்த வீட்டில்தான் இல்லை.

அடுத்த வருஷம் பியட்மாண்ட் மறுபடி போருக்கு வந்தது. சில நாளில் நோவாராவில் முடிந்தது. அன்று ராத்திரியே கார்லோ அல்பெர்ட்டோ பட்டத்தைத் துறந்து போர்ச்சுக்கலுக்குப் போய், நாலு மாசத்தில் செத்தார். மகன் விட்டோரியோ இமானுவேலே பட்டத்துக்கு வந்தார். 1861-ல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் ராஜா அவர்தான். நோவாராவில் தோற்ற குடும்பமே நாட்டை எடுத்துக்கொண்டது.

ஜெயித்த பிறகு அவர் எப்படி ஆண்டார் என்பதை அணிவகுப்பு இசை சொல்லாது. 1849 ஆகஸ்ட் 18, சக்கரவர்த்தியின் பிறந்தநாள். மிலானில் ஒரு பெண் தன் மாடியில் ஆஸ்திரியக் கொடியைத் தொங்கவிட, கூட்டம் கூடிக் கூச்சல் போட்டது. பிடித்துப்போன ஆட்களை நடுத்தெருவில் வைத்துப் பிரம்பால் அடித்தார்கள். பதினைந்து பேர், அதில் இரண்டு இளம்பெண்கள். பிறகு, அடிக்கப் பயன்பட்ட பிரம்புக்கும், காயத்தில் வைக்க வாங்கிய பனிக்கட்டிக்கும் சேர்த்து மிலான் நகரசபைக்கு பில் அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான பக்கம் போர் விவரம் படித்ததில் எனக்கு மறக்காமல் நிற்பது இந்த பில்தான். 1852, 53-ல் மாந்துவாவில் தூக்குகள். ஊரை விட்டுப் போனவர்களின் சொத்துப் பறிமுதல். சிப்பாயின் கிழிந்த காலணியை விசாரித்த அதே அப்பா.

1857 பிப்ரவரியில், தொண்ணூறு வயசில், ஓய்வு கொடுத்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் சக்கரவர்த்தியின் தம்பி மாக்ஸிமிலியன். கடற்படைக்கும் இவரே தலைவர். நோவாராவை உலகம் சுற்ற அனுப்பியது இவருடைய ஏற்பாடு. ஏப்ரல் 30-ம் தேதி கப்பல் திரியெஸ்தேவை விட்டுக் கிளம்பியது. கேப் டவுன் எல்லாம் தாண்டி இந்துமாக்கடலில் ஏறி இலங்கையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 1858 ஜனவரி 5-ம் தேதி, ராடெட்ஸ்கி மிலானில் செத்தார். மூன்று நாள் கழித்துக் கப்பல் காலேயில் நின்றது. ஐரோப்பாவிலிருந்து நம்ம பக்கம் தந்தி வராத காலம். சாவுச் செய்தியும் இன்னொரு கப்பலில்தான் வரணும். அவருடைய பெரிய வெற்றியின் பெயரைத் தாங்கிக்கொண்டு மெட்ராஸ் எதிரே நின்ற அந்தக் கப்பல், ஒரு விதத்தில் அவருடைய ஊர்வலத்தில் வராத வண்டி.

அடக்கம் செய்ததிலும் ஒரு கூத்து. சக்கரவர்த்திக் குடும்பத்தின் கல்லறையில் வைக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் பார்க்ஃப்ரீடர் என்ற ராணுவத் துணி சப்ளை வியாபாரி, முன்பே அவருடைய கடன்களை அடைத்து, பதிலுக்கு என் தோட்டத்தில்தான் உங்களைப் புதைக்கணும் என்று வாக்கு வாங்கியிருந்தார். கீழ் ஆஸ்திரியாவில் ஹெல்டென்பெர்க் என்ற இடம்; வீரர்களின் சிலைகளை வரிசையாக நட்டு அவர் கட்டிய தனிப் பூங்கா. அங்கேதான் மார்ஷல் கிடக்கிறார். பக்கத்திலேயே வியாபாரியும். கடன் கொடுத்தவன் கடைசிவரை விடவில்லை.

மெட்ராஸுக்கு வந்த நோவாராக்காரர்கள் பார்த்த ஊர் அமைதியான ஊர் இல்லை. வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்கவில்லை. லக்னோ பிரிட்டிஷார் கைக்குத் திரும்பியது மார்ச்சில்தான். மெட்ராஸ் பியூசிலியர்ஸ் என்ற வெள்ளைக்காரப் படையை இங்கிருந்து கூட்டிப்போன கர்னல் நீல், அலகாபாத்திலும் கான்பூரிலும் தூக்கில் போட்டுக்கொண்டே போய், 1857 செப்டம்பரில் லக்னோவில் சுடப்பட்டுச் செத்திருந்தார். பல மொழிச் சிப்பாய்களை வைத்து ஒரு ஜனத்தை இன்னொரு ஜனத்தால் அடக்குவது எப்படி என்பது ஆஸ்திரியாக்காரர்களுக்குப் புதுசு இல்லை. பார்த்த உடனே புரிந்திருக்கும்.

நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ல் அதை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகம். திருநெல்வேலி சோமயாஜுலு, கடலூர் அஞ்சலை அம்மாள் எல்லாம் ஜெயிலுக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி அரசாங்கம் வந்ததும் சிலை தெருவை விட்டுப் போனது; இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கு. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், பிராக் நகரத்தில் ராடெட்ஸ்கிக்கும் ஒரு சிலை இருந்தது. போரில் பிடித்த பியட்மாண்ட் பீரங்கிகளை உருக்கி வார்த்தது. 1858-ல், அவர் செத்த வருஷமே திறந்தார்கள். 1918-ல் செக்கோஸ்லோவாகியா சுதந்திரம் வாங்கியது. அடுத்த வருஷம் சிலையை இறக்கினார்கள். அதுவும் இப்போது ஒரு அருங்காட்சியகக் கூடத்தில். வித்தியாசம் ஒன்று உண்டு. நீல் நமக்கு அந்நியன். ராடெட்ஸ்கி செக் மண்ணில் பிறந்தவர், அவர்கள் மொழி பேசியவர். நம்ம ஆள்தானே, திரும்ப வைக்கலாமே என்று பிராக்கில் இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மிலானில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. எனக்கு வோட்டு இருந்தால் மிலானோடுதான் போடுவேன். நம்ம ஊரில் பிறந்தவன் என்பது அடுத்த ஊரில் அடித்த பிரம்படிக்குச் சமாதானம் ஆகாது.

அவர் காப்பாற்றியது எவ்வளவு நாள் நின்றது? செத்து ஒன்றரை வருஷத்தில், 1859 ஜூனில், சோல்பெரினோவில் தோற்று லொம்பார்தி போனது. அந்தப் போர் நடக்கும்போது நோவாரா ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. விஞ்ஞானக் கப்பல் என்பதால் எதிரியான பிரான்ஸே தொடாமல் விட்டது. 1866-ல் வெனிஸும் போனது. மாக்ஸிமிலியனை மெக்சிகோவுக்குச் சக்கரவர்த்தியாகக் கொண்டுபோய் இறக்கியது இதே நோவாராதான், 1864-ல். 1867-ல் அங்கே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடம்பைத் திரும்ப ஏற்றி வந்ததும் இதே கப்பல். சில பெயர்களை வைக்காமல் இருப்பது நல்லது என்று நம்ம பாட்டிகள் சொல்வார்கள்.

மெட்ராஸை விட்டு அது போன இடம் நிக்கோபார். ஒரு மாசம் அங்கே தங்கி அளந்தார்கள், வரைந்தார்கள். வெறும் அறிவு ஆசை மட்டும் இல்லை. 1778-லேயே ஆஸ்திரியக் கொடியோடு ஒரு கப்பல் அங்கே போய்க் குடியேற்றம் போட்டு, சில வருஷத்தில் காய்ச்சலில் கைவிட்டிருந்தது. டென்மார்க்காரர்களும் தரங்கம்பாடியிலிருந்து அதற்கு முன்பே உரிமை கொண்டாடியவர்கள். மறுபடி பிடிக்கலாமா என்ற பழைய கண் கப்பலில் இருந்தது. பிடிக்கவில்லை. தெரேசா என்ற தீவின் பெயரில் மட்டும் மரியா தெரேசா மகாராணி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் வியன்னாவில் நடக்கும் புத்தாண்டுக் கச்சேரி, உலகம் பூராவும் டிவியில் ஓடும். கடைசி உருப்படி ராடெட்ஸ்கி மார்ச். கோட்டுப் போட்ட கூட்டம் மொத்தமும் தாளத்துக்குக் கை தட்டும். குஸ்தோசா எங்கே, யாரை அடித்ததற்கு இந்த இசை என்று தட்டுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. கேட்க நல்லாத்தான் இருக்கும், எனக்கே கால் தாளம் போடும்.

2005 ஜனவரி 1-ம் தேதி அதை வாசிக்கவில்லை. ஆறு நாள் முன்பு, டிசம்பர் 26 காலையில், நோவாரா அளந்து வரைந்த நிக்கோபார் தீவுகளையும், அது நங்கூரம் போட்ட நம்ம கடற்கரையையும் சுனாமி அடித்திருந்தது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களில் அன்று படகும் வலையும் வீடும் போனவர்கள் பலருக்கு எர்ணாவூர் சுனாமி குடியிருப்புதான் இன்றைக்கும் விலாசம். இறந்தவர்களுக்கு மரியாதையாக அந்த ஒரு வருஷம் லோரின் மாசேல் நடத்திய கச்சேரி ராடெட்ஸ்கி மார்ச் இல்லாமல், கைதட்டல் தாளம் இல்லாமல் முடிந்தது. அடுத்த ஜனவரியில் மறுபடி வாசித்தார்கள்.